ஓட்டில்லாதவர்களின் பங்கு

ஓய்வூதியம் வாங்கும் ஒரு பெரியவரிடம் "இது யார் பணம்?" என்று கேட்டுப் பாருங்கள். "என் பணம்தான், சம்பளம் வாங்கிய காலமெல்லாம் பிடித்தார்களே" என்பார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் பல நாடுகளில் அவரிடம் பிடித்த பணம் அன்றைக்கே அவருக்கு முந்தைய தலைமுறைக்குப் போய்விட்டது. இன்று அவர் கைக்கு வருவது இப்போது வேலை பார்க்கிறவர்கள் கட்டுவது. அவர்களுக்கு நாளை கட்டப்போவது இன்னும் பள்ளிக்கூடமே போகாத பிள்ளைகள்.

1889-இல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தபோது அதற்கான வயது 70. அந்த வயதைத் தொட்டவர்களே கொஞ்சம் பேர். 1916-இல் 65 ஆக்கினார்கள். இன்று ஓய்வுக்குப் பிறகு இருபது வருஷம் வாழ்வது பல நாடுகளில் சாதாரணம், அது சந்தோஷமான விஷயம், அதற்காக எந்தப் பெரியவரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. பிறப்பும் குறைந்துவிட்டது. சரி, விழுகிற துண்டை யார் தாங்குவது?

ஸ்வீடன் 1990-களில் தொடங்கிய சீர்திருத்தத்தில் இதற்கு நேராகவே பதில் சொன்னது. ஆயுள் கூடினால் மாத ஓய்வூதியம் அதற்கேற்பக் குறையும். திட்டத்தின் கையிருப்பும் வரவும் கொடுக்க வேண்டியதற்குப் போதாவிட்டால் ஓய்வூதிய உயர்வு தானாகவே மட்டுப்படும். 2010-இல் அது உண்மையிலேயே நடந்தது, பெரியவர்களுக்கு வலித்தது, வரிச்சலுகை கொடுத்துக் கொஞ்சம் ஈடுகட்டினார்கள். குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுமை முழுவதையும் பேச வாயில்லாதவர்கள் தலையில் கட்டவில்லை, அதனால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை.

இன்னும் பிறக்காதவர்களின் கதை இதைவிட மோசம். அவர்களுடைய நஷ்டத்தைக் கணக்கிட அரசுகளிடம் 'தள்ளுபடி விகிதம்' என்று ஒரு எண் இருக்கிறது: பின்னால் வரும் தொகையை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று குறைத்து இன்றைய மதிப்பைச் சொல்வது. நூறு வருஷம் கழித்து வரும் 100 கோடி நஷ்டத்தை, ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 76 லட்சம்தான். 1.4 சதவீதம் என்றால் 25 கோடி. 2006-இல் பிரிட்டிஷ் அரசுக்காகப் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் கொடுத்த பருவநிலை அறிக்கை இந்தச் சின்ன எண்ணை ஒட்டித்தான் போனது, சந்தை வட்டிக்கு ஒத்துவராது என்று இன்னொரு பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹாஸ் மறுத்தார். நம் பேரப்பிள்ளைகள் நம்மைவிட வசதியாக இருப்பார்கள் என்றால் கொஞ்சம் தள்ளுபடி செய்வது சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னால் பிறந்தார்கள் என்பதற்காகவே ஒருவரின் கஷ்டத்தை மலிவாக்குவது அநியாயம். 1928-லேயே ஃபிராங்க் ராம்சே என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர், இருபத்தைந்து வயது இளைஞர், அறநெறிப்படி இதற்கு நியாயமே கிடையாது என்று எழுதிவிட்டார்.

அப்புறம் கடன். ஐம்பது வருஷம் நிற்கும் ஒரு பாலத்துக்குக் கடன் வாங்கினால், அதில் நடக்கப்போகிறவர்களும் ஒரு பங்கு கட்டட்டும், தப்பில்லை. இந்த மாதச் சம்பளத்துக்குக் கடன் வாங்கி அதைப் பிள்ளைகள் பெயரில் எழுதுவதுதான் தப்பு. இதைவிடக் கோபம் வருவது ஒன்று இருக்கிறது: பிள்ளைகளுக்குக் கடன் வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே அதே பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை வெட்டுவது. கடனும் குறையலாம், கூடவே அதைக் கட்ட வேண்டியவர்களின் சம்பாதிக்கும் திறனும் குறையும்.

ஆகவே பட்ஜெட் போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் பக்கத்தில், எந்த வயதினருக்கு எவ்வளவு போகிறது, எந்த வயதினர் கட்டுகிறார்கள் என்று அச்சடியுங்கள். 1991-இல் ஆவர்பாக், கோகலே, கோட்லிகாஃப் என்ற பொருளியலாளர்கள் மூவரும் தலைமுறைக் கணக்கு என்று இதற்கு வழி காட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பெரியவர்களும் இளையவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசட்டும்.