சமூகத்தை மாற்றுவது கருவியா, கருத்தா? ‘கருத்தே’ அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, பாய் விரித்து முன்வரிசையில் இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். ரயில் வந்தது, தீட்டு போனது. சைக்கிள் வந்தது, பெண் வெளியே வந்தாள். மிக்ஸி வந்தது, அம்மிக்கு ஓய்வு கிடைத்தது என்று அடுக்கினார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், மரியாதைக்கு. போதாததற்கு வில்லியம் ஆக்பர்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். 1922-ல் ஆக்பர்ன் சொன்னது இதுதான். வீடு, வண்டி, இயந்திரம் என்று கையால் தொடக்கூடியதெல்லாம் பொருள்சார் பண்பாடு. நம்பிக்கை, வழக்கம், சட்டம் எல்லாம் பொருள்சாராப் பண்பாடு. முன்னது வேகமாக ஓடுகிறது. பின்னது மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறது. நடுவில் விழும் இடைவெளிதான் பண்பாட்டுப் பின்னடைவு. ஆகவே கருவிதான் எல்லாவற்றுக்கும் முன்னோடி என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

சரி, இடைவெளி இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். அதை அடைப்பது யார் என்பதுதானே இன்றைய வழக்கு?

அவரே சைக்கிளை எடுத்துக் கொடுத்ததால் அதிலேயே ஏறிப் புதுக்கோட்டைக்குப் போகிறேன். 1990-க்கு முன்னால் அந்த மாவட்டத்தில் சைக்கிள் இல்லையா? திண்ணையோரம் சாத்தித்தான் வைத்திருந்தார்கள். அப்பா ஓட்டினார், அண்ணன் ஓட்டினான், பால்காரர் ஓட்டினார். அக்கா என்ன செய்தாள்? ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். ஒரு தலைமுறையாக வாசலில் நின்ற வண்டி அவளை ஒரு தெரு தாண்டி அழைத்துப் போகவில்லையே, ஐயா!

அப்புறம் 1991-ல் அறிவொளி இயக்கம் அங்கே வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். பெண்ணுக்கு எழுத்து மட்டும் போதாது, யாரையும் கேட்காமல் போய்வரக் கால் வேண்டும் என்று ஒரு யோசனை. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும்போதே சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் வந்தார்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் வந்தார்கள், செவிலியர்கள் வந்தார்கள். தெருவில் கேலி பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டேதான் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பரவாயில்லை என்று ஆண்கள் ஓட்டும் வண்டியிலேயே ஏறினார்கள். அதில் ஒரு வசதியும் கண்டுபிடித்தார்கள்: முன்னால் குறுக்கே ஓடுகிறதே அந்தக் கம்பி, அதில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! எந்தக் கம்பியைக் காட்டி ‘இது ஆம்பளை வண்டி’ என்றார்களோ, அதே கம்பி பிள்ளைக்கு இருக்கையானது. வண்டி அதே பழைய வண்டிதான், நடுவர் அவர்களே. புதிதாக வந்தது என்ன என்று எதிரணியே சொல்லட்டும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கருத்து மாறாத ஊருக்குப் புதுக் கருவி வந்தால் என்ன ஆகும்? ஸ்கேன் வந்தது. தாயின் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் வந்தது. நம் ஊர் பழைய மனசு அதைப் பார்த்து என்ன கேட்டது? ‘ஆணா, பெண்ணா?’ கள்ளிப்பால் கொடுத்த கொடுமையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. வயிற்றிலேயே பார்த்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்றைக்கும் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் சுவரில் ஒரு பலகை தொங்கும்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், சொல்வது குற்றம் என்று. தனக்குத் தெரிந்ததைச் சொல்லக்கூடாது என்று ஒரு இயந்திரத்துக்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கிறோம். பூட்டு இயந்திரத்துக்கா, நமக்கா?

டீக்கடையையும் பார்த்துவிடுவோம். இரட்டைக் குவளை தெரியும்தானே? ஊருக்கு ஒரு டம்ளர், சேரிக்கு ஒரு டம்ளர். காகித கப் வந்தால் எல்லோருக்கும் ஒரே கப், பிரச்சினை தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு ஊரில் என் கண்ணாலேயே பார்க்கும்வரை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குக் கண்ணாடி டம்ளர். தள்ளி நின்றவருக்குக் காகித கப். கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னார், “சுத்தம் சார்.” புதுப் பொருளைப் பழைய புத்தி எவ்வளவு சுலபமாக வேலைக்கு வைத்துக்கொள்கிறது பாருங்கள்.

மிக்ஸிக்கு நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. அதன் சுவிட்சைப் போடுவது யார் என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவியே இல்லாமல் நடந்த மாற்றமும் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கு என்ன இயந்திரம் தேவைப்பட்டது? இரண்டு மாலை. 1920-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டார்கள். புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை. 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் இந்து முறைப்படி இது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னபோதும் அவர்கள் நிறுத்தவில்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில்தான் சட்டத் திருத்தம் வந்தது. ஏற்கெனவே நடந்த திருமணங்களும் அதன்படி செல்லுபடியாகும் என்றது. ஆக்பர்ன் கணக்கில் பின்னால் வர வேண்டிய கருத்து முன்னால் நடந்து போக, சட்டம் நாற்பது வருஷம் கழித்து வந்து சேர்ந்தது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். ரயில் பாக்கி இருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. எதிரணி சொல்வதுபோல ரயில்தான் தீட்டைத் துடைத்தது என்றால், அன்றைக்கே துடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருஷத்திலாவது. ஆனால் சென்னை மாகாணத்து ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றுதான் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிரிவினை போனது 1941-ல், பெரியார் இயக்கத்தாரின் கிளர்ச்சிக்குப் பிறகு. ரயில் எண்பத்தைந்து வருஷம் அந்தத் தடுப்பைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த எண்பத்தைந்து வருஷத்துக்குக் கணக்குச் சொல்லிவிட்டு அப்புறம் உன் பேச்சைத் தொடங்கு அம்மா. நன்றி, வணக்கம்.