வலை பொத்தும் நேரத்துப் பேச்சு

நேயர்களுக்கு வணக்கம். மீனவர்களின் வாய்மொழி வரலாறு பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொதப்பிய கதையிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

முதல்முறை பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒரு முதிய மீனவரைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தாண்டியவர். நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "ஐயா, உங்க வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "வரலாறெல்லாம் நமக்கு ஏது தம்பி? கடலுக்குப் போனோம், வந்தோம்" என்றார். ஒன்றரை நிமிடத்தில் பேட்டி முடிந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி ஒரு கண்ணிக்குள் நுழைந்து, விரலைச் சுற்றி, முடிச்சாகி வெளியே வந்தது. "இந்த முடிச்சை யாரு சொல்லிக் கொடுத்தாங்க?" என்று சும்மா கேட்டு வைத்தேன். அப்புறம் இரண்டு மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. முடிச்சிலிருந்து மாமனுக்குப் போனார். மாமனிடமிருந்து பருத்தி நூல் வலைக்கு, அது மக்காமல் இருக்கச் சாயம் ஏற்றிக் காயவைத்த சிரமத்துக்கு, நைலான் வந்த வருஷத்துக்கு, அந்த வருஷம் வாங்கிய கடனுக்கு, கடனால் தள்ளிப்போன தங்கை கல்யாணத்துக்கு. வரலாறு நமக்கு ஏது என்றவர்தான்!

அன்றிலிருந்து யாரிடமும் நான் வரலாறு கேட்பதில்லை. வேலையைத்தான் கேட்கிறேன்.

வேலையோடு ஒட்டிய பேச்சு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு இந்தோனேசியாவின் சிமெலுவே தீவைச் சொல்வேன். 1907 ஜனவரியில் அங்கே நிலநடுக்கம் வந்தது, பின்னாலேயே ஆழிப்பேரலையும் வந்தது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, பேரன் பேத்திகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், நின்று வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு. விஷயம் இவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 அன்று நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அதுதான். பத்து நிமிடத்துக்குள் அலை வந்துவிட்டது. எந்த எச்சரிக்கைச் செய்தியும் அதற்குள் வந்திருக்க முடியாது. ஒருவரையொருவர் 'ஸ்மோங்' என்று கூவிக்கொண்டே மலைப்பக்கம் ஓடினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். எதிரே சுமத்ராவின் அச்சே கரையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கொஞ்சம் கை நடுங்கும்.

கதை இருந்தும் கேட்க ஆள் இல்லாத இடமும் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. நூற்றாண்டுகளாகக் காட் என்ற குளிர்கடல் மீனை நம்பி வாழ்ந்த கரை. 1980களில், கரையோரம் சிறு படகில் பிடித்தவர்கள் மீன் குறைகிறது, கிடைப்பதும் பொடிப்பொடியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்களுக்கோ வலை நிறைந்துதான் வந்தது. அரசின் கணக்கு அந்தப் பிடிப்பைப் பெரிதும் நம்பியது. ஆனால் மீன் கூட்டம் சுருங்கி ஓரிடத்தில் குவிந்து கிடந்தாலும், ஒலியலைக் கருவி வைத்திருப்பவருக்கு அது அகப்படத்தானே செய்யும்? கரைக்கு வராமல் போனதைச் சிறு படகுக்காரர்தான் முதலில் கண்டார். 1992 ஜூலை 2 அன்று காட் மீன்பிடிக்கு அரசு தடை போட்டது. ஒரே அறிவிப்பில் சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய், எந்த வருஷம் எங்கே வலை போட்டீர்கள், எவ்வளவு கிடைத்தது என்று கேட்டார்கள்.

அதற்காக மீனவர் சொல்வதெல்லாம் அப்படியே வேதவாக்கு என்றும் நான் சொல்ல மாட்டேன். நினைவு வருஷத்தை மாற்றும், தொலைத்த மீனைப் பெரிதாக்கும், சண்டையில் தன் பக்கத்தைச் சுருக்கிச் சொல்லும். "பெரிய புயலுக்கு அடுத்த வருஷம்" என்றுதான் பலரும் காலம் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். புயல் எந்த வருஷம் என்பதை வீட்டுக்கு வந்து வானிலைப் பதிவில் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தினால் பேச்சு அறுந்துவிடும்.

நாங்கள் பதிவு செய்ததில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மீனவர் என்றாலே படகில் போனவர் என்று நினைத்துக்கொண்டோம். கரையில் நின்ற பெண்களிடம் மைக்கை நீட்டவில்லை. ஸ்காட்லாந்தில் ஹெர்ரிங் என்ற, மத்தி போன்ற மீன் பிடிபட்ட காலத்தை அந்தப் பெண்கள் சொல்லக் கேட்டால்தான் முழுசாகத் தெரியும். மீன் கூட்டம் தெற்கே நகர நகர, இவர்களும் ரயிலேறி இங்கிலாந்தின் யார்மவுத் வரை போனார்கள். மூன்று மூன்று பேராக வேலை. இருவர் மீனைக் கீறிக் குடலெடுக்க, ஒருவர் உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கைதேர்ந்தவர்கள் நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது மீன் கீறினார்களாம். கத்தி படாமல் இருக்க விரல்களுக்குத் துணிக்கிழிசல் சுற்றிக்கொள்வார்கள். அப்படியும் படும். பட்ட இடத்தில் நாள் முழுக்க உப்பு. இது எந்தத் துறைமுகக் கணக்கேட்டிலும் இருக்காது. அதில் பீப்பாய் எண்ணிக்கைதான் இருக்கும்.

இங்கிலாந்தின் ஹல் நகர மீனவர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆள் கப்பலேறும் நாளில் வீட்டில் துணி துவைக்கக் கூடாது, கடல் அவரை அடித்துக்கொண்டு போய்விடும். பெண்கள் துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பவும் கூடாது. 1968 ஜனவரி, பிப்ரவரியில் அந்த ஊரின் மூன்று மீன்பிடிக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் இறந்தார்கள். முதலில் போன கப்பலில், கரையோடு தொடர்பு கொள்ளும் வானொலிக் கருவியை இயக்குபவர் இல்லை. லிலியன் பிலோக்கா என்ற மீன் ஆலைத் தொழிலாளி பெண்களைத் திரட்டிக்கொண்டு, போகக் கூடாது என்ற அதே துறைமுகத்துக்கே போனார். வானொலிக்காரர் இல்லாமல் கப்பல் கிளம்பக் கூடாது என்று வழிமறித்தார். பாதுகாப்பு விதிகள் மாறின. அவருக்கு வேலை போயிற்று, மிரட்டல் கடிதங்களும் வந்தன.

வானொலியில் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொரியாவின் ஜெஜு தீவில் ஹென்யோ என்ற பெண்கள் மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கிச் சங்கும் பாசியும் எடுக்கிறார்கள். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். மேலே வந்ததும் மூச்சை விடும்போது சீழ்க்கை போல ஒரு சத்தம் வரும். அதற்கு 'சும்பிசோரி' என்று பெயர். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் அவர்கள் பண்பாடு இடம்பெற்றது. அந்தச் சத்தத்தைக் காகிதத்தில் எழுதவே முடியாது. பதிவு வேண்டும்.

சரி, அந்த வலை பொத்திய பெரியவருக்கு வருகிறேன். பதிவின் பிரதியை அந்த வீட்டுக்குக் கொடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது, என் சோம்பல்தான். கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அவர் மனைவி கதவோரம் நின்று முழுவதும் கேட்டார். நைலான் வலைக் கடன் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அவரு எங்கே கடன் வாங்கினாரு? போய்க் கேட்டது நான். அடகு வச்சது என் நகை. அதை மீட்டது எப்படின்னு அவருக்குத் தெரியவே தெரியாது" என்றார். பெரியவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். நான் கருவியை மறுபடி ஓடவிட்டு, கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.