சுங்கம் கட்டிய கோட்டை

அவையோருக்கு வணக்கம்.

டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகரத்துக் குரோன்போர்க் கோட்டையை ஷேக்ஸ்பியர் நாடக நாயகன் ஹாம்லெட்டின் வீடாகத்தான் உலகம் அறியும். நாடகத்து எல்சினோர் இதுதான். ஆனால் அங்கே போகிறவர்கள் முதலில் கொத்தளத்தில் ஏறிக் கடலைப் பாருங்கள். எதிரே தெரிவது ஸ்வீடன். நடுவில் சுமார் 4 கிலோமீட்டர் தண்ணீர். பால்டிக் கடலுக்கு முக்கிய வாசல் அந்த நீரிணைதான். 1658 வரை அதன் இரு கரையும் டென்மார்க்கின் கையில்.

1420களில் எரிக் மன்னர் இங்கே குரோகன் என்ற கோட்டையைக் கட்டினார். கடக்கும் கப்பல்கள் நின்று சுங்கம் செலுத்த வேண்டும். முதலில் கப்பல் கணக்கில் வாங்கினார்கள். 1567 முதல் சரக்கைப் பார்த்து வாங்கினார்கள். இங்கேதான் ஒரு சாமர்த்தியம். சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவனே சொல்லலாம். ஆனால் சொன்ன விலைக்கே மன்னர் அதை வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போகும், கூட்டிச் சொன்னால் வரி ஏறும். சோதனை போடாமலே உண்மை வாய்க்கு வந்துவிடும்!

பணமும் நேரே மன்னரின் சொந்தப் பெட்டிக்கு. அதைக்கொண்டு இரண்டாம் பிரெடரிக் 1574 முதல் 1585 வரை குரோகனை இன்றைய குரோன்போர்க் அரண்மனையாக்கினார். செங்கல் சுவருக்கு மணற்கல் போர்வை, கூரைக்குச் செம்புத் தகடு, 62 மீட்டர் நீள நடன மண்டபம்.

1629இல் தீ. கவிமாடம் வலுவாக இருந்த தேவாலயம் மட்டும் தப்பியது. மீண்டும் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை எழுந்ததும் இவர் காலத்தில்தான். சுங்கத்தை அவர் ஏற்றியதில் டச்சுக்காரர்கள் கசந்தார்கள். ஸ்வீடனுடன் போர் வந்தபோது டச்சுக் கப்பல்கள் எதிரிக்குத் துணை நின்றன. 1645 உடன்படிக்கையில் ஸ்வீடனுக்குச் சுங்க விலக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. பேராசை என்றுதான் சொல்வேன்.

அறைகள் ஏன் இப்படி வெறிச்சோடிக் கிடக்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. 1658இல் ஸ்வீடன் படை பிடித்து அள்ளிப் போனது. 1785 முதல் 1922 வரை படைவீரர் குடியிருப்பு. மன்னர் வரிசையைச் சித்தரித்த 40 திரைச்சீலைகளில் 7தான் இன்று அங்கே தொங்குகின்றன. சுங்கமோ 1857இலேயே, கடல் வணிக நாடுகள் ஒட்டுமொத்தமாக ஈட்டுத்தொகை கொடுத்ததோடு ஒழிந்தது.

கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம், நிலையத்திலிருந்து கால் மணி நடை. கொத்தளத்தின் அடியிலுள்ள நிலவறைகளைக் கடைசியில் வையுங்கள். கோடையிலும் அங்கே குளிரும். இருட்டு, தரையும் மேடுபள்ளம். உள்ளே வாளோடு உட்கார்ந்தபடி சிலையாக உறங்குகிறார் டேனியப் பழங்கதை வீரர் ஹோல்கர் டான்ஸ்கே. நாட்டுக்கு ஆபத்து வந்தால் எழுவாராம்.