காலையில் விறைக்கும் முதுகு

எல்லோருக்கும் வணக்கம்.

முதுகுவலி என்று தலைப்பு வைத்தால் அரங்கம் தானாக நிறைந்துவிடும் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் சொன்னார்கள். நிறைந்திருக்கிறது. இதில் வியப்பில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்புவலி. 2050-இல் அது 84 கோடியைத் தொடும் என்கிறார்கள். உடல் முடியாமல் மனிதர்கள் கழிக்கும் ஆண்டுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், எந்த நோயையும் விட இடுப்புவலியின் பங்குதான் அதிகம்.

இவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல செய்திதான். சில வாரங்களில் வலி தானாகவே குறையும். நான் இன்று பேச வந்தது அவர்களைப் பற்றி அல்ல. நாள்பட்ட முதுகுவலியோடு மருத்துவரிடம் போகும் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேரின் வலி வேறு வகை. பளு தூக்கியதாலோ, எலும்பு தேய்ந்ததாலோ வந்ததில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் முதுகெலும்பின் மேல் பாய்வதால் வருகிறது. முற்றிய நிலையில் இதற்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத ஆரம்ப நிலையையும் சேர்த்து, முதுகெலும்பு அழற்சி மூட்டுவாதம் என்று பொதுவாகச் சொல்லலாம். பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். முதல் வலிக்கும் நோய் இன்னதென்று தெரிவதற்கும் இடையே பல நாடுகளில் ஐந்திலிருந்து பத்து ஆண்டு வரை ஓடிவிடுகிறது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் நடக்கிற வயது அது.

அந்த ஆண்டுகள் எப்படிப் போகின்றன என்பது உங்களுக்கே தெரியும். "பைக்கை ரொம்ப ஓட்டுற", "வாயுப் பிடிப்பு", "மெத்தையை மாத்து", "டிஸ்க் விலகியிருக்கும்." இடுப்பில் பெல்ட் ஏறும். கடைசியாக எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: "நல்லா ரெஸ்ட் எடு." மற்ற முதுகுவலிக்காரர்களுக்கே இப்போது நீண்ட படுக்கை ஓய்வைப் பரிந்துரைப்பதில்லை. இவர்களுக்கோ ஓய்வுதான் வலியைக் கூட்டுகிறது.

1977-இல் ஆண்ட்ரே காலின் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் ஐந்து கேள்விகளை வெளியிட்டார்கள். வலி நாற்பது வயதுக்கு முன்பே தொடங்கியதா? திடீரென்று இல்லாமல் மெல்ல மெல்ல வந்ததா? மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா? காலையில் எழுந்ததும் முதுகு விறைத்துக் கிடக்கிறதா? நடமாட நடமாட இளகுகிறதா? இவற்றில் நான்குக்கு ஆமாம் என்றால் சந்தேகப்படு என்றார்கள். பிற்பாடு 2006-இல் பெர்லின் ஆய்வாளர்கள் இன்னும் கூர்மையாக்கினார்கள். விறைப்பு அரை மணிக்கு மேல் இருக்கிறதா, பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா, பிட்டத்தில் ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் மாறி மாறி வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள்.

என் கட்சி இதுதான்: இந்த நோயின் ஆராய்ச்சியில் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனால் கண்டுபிடிப்பதற்கு இன்றும் முதல் சாவி, வலி எந்த நேரத்தில் வருகிறது என்ற கேள்விதான். அதைக் கேட்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காமல் நாம் நேராக ஸ்கேன் சென்டருக்கு ஓடுகிறோம்.

கொஞ்சம் வரலாறு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்னார்ட் கானர் என்ற ஐரிஷ் மருத்துவர், பிரான்சில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டை வர்ணித்து எழுதினார். இடுப்பெலும்பு, முதுகெலும்புகள், விலா எலும்புகள் எல்லாம் ஒட்டி ஒரே எலும்பாகியிருந்தன. பிறகு 1890-களில் ரஷ்யாவில் பெக்தெரெவ், ஜெர்மனியில் ஸ்ட்ரும்பல், பிரான்சில் பியர் மரி என மூன்று பேர் அடுத்தடுத்து நோயைத் தெளிவாக விவரித்தார்கள். எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேசுக்கே இந்த நோய் இருந்தது என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மம்மியை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்து, அது வயதானவர்களுக்குத் தசைநார் எலும்பாகிற வேறொரு கோளாறு என்று 2014-இல் சொல்லிவிட்டார்கள். சரி, போகட்டும்.

வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் பிரிட்டன். அங்கே 1935 முதல் 1954 வரை இந்த நோயாளிகளின் முதுகுக்கு எக்ஸ்ரே கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். 14,000 பேருக்கும் மேல். ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள், வலி உண்மையிலேயே குறைந்தது. அதனால்தான் நோயாளிகளும் திரும்பத் திரும்ப வந்தார்கள். பின்னர் கோர்ட் பிரவுன், ரிச்சர்ட் டால் இருவரும் அந்த நோயாளிகளின் பதிவேடுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, யார் யாருக்கு என்ன ஆனது என்று பார்த்தார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் ஒருவரான அதே டால்தான். 1957-இல் அறிக்கை வந்தது. கதிர்வீச்சுப் பெற்றவர்களிடம் ரத்தப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களோடு, இந்த முதுகுவலிக்காரர்களும் சேர்ந்துதான் கதிர்வீச்சின் ஆபத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வலி குறைந்தது என்ற ஒரே சாட்சியை வைத்து ஒரு சிகிச்சையைக் கொண்டாடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்று யூடியூபில் முதுகுவலிக்கு வைத்தியம் சொல்கிறவர்களை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

அடுத்த பெரிய திருப்பம் 1973. நம் செல் ஒவ்வொன்றும் தன் உள்ளே இருக்கும் புரதங்களின் துணுக்குகளை, வாசலில் குப்பைக்கூடை வைப்பதுபோல வெளியே வைக்கிறது. ரோந்து வரும் வெள்ளணுக்கள் கூடையை எட்டிப் பார்த்து, அந்நியக் கிருமியின் துணுக்கு இருந்தால் தாக்கும். அந்தக் கூடைகளில் ஒரு ரகம் எச்.எல்.ஏ-பி27. லண்டனில் டெரிக் பிரூவர்ட்டன் குழுவினர் 75 நோயாளிகளைச் சோதித்தார்கள். 72 பேரிடம் பி27 இருந்தது. நோயில்லாத 75 பேரில் வெறும் மூன்று பேரிடம். மருத்துவத்தில் இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்ப்பது அபூர்வம். அதே ஆண்டு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்தும் இதே முடிவு தனியாக வந்தது. அந்தக் குழுவில் இருந்த பால் தெராசாகி, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன். உறுப்பு மாற்று அறுவைக்காக அவர் உருவாக்கிய திசுப் பொருத்தச் சோதனைதான் இந்தக் கண்டுபிடிப்புக்கும் வழி திறந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பி27 இருப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குத்தான் நோய் வரும். மற்றவர்கள் ஒன்றுமே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள். வட ஐரோப்பியர்களில் நூற்றுக்கு எட்டுப் பேரிடம் இது இருக்கிறது, கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஹைடா மக்களிடம் பாதிப் பேரிடம். அதே சமயம் பி27 இல்லாமலும் இந்த நோய் வரும். ஆகவே மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இதையும் சேர்த்துப் பார்த்துவிடுவோமே என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொருந்துகிற வலிக்கதை இருந்தால் மட்டுமே அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

பி27 இருந்தும் சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது? இதற்கு ஒரு தடயம் வயிற்றில் கிடைத்தது. பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தில் மீலான்ட்ஸ், வேய்ஸ் இருவரும் 1980-களில் இந்த நோயாளிகளின் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றுத் தொந்தரவே இல்லாத பலருக்கும் குடலில் நுண்ணிய அழற்சி இருந்தது. அப்புறம் அமெரிக்காவில் டாராக் குழுவினர் மனித பி27 மரபணுவை எலிகளுக்குள் செலுத்தினார்கள். எலிகளுக்கு மூட்டழற்சியும் குடலழற்சியும் வந்தன. அதே எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது வரவில்லை. மரபணு மட்டும் போதாது, குடல் கிருமிகளும் கூட்டுச் சேர வேண்டும் என்று அது காட்டியது. 2022-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நோயாளிகளின் மூட்டிலும் கண்ணிலும் இருந்த சில வெள்ளணுக்கள், பி27 ஏந்தி நிற்கும் பாக்டீரியாத் துணுக்கையும் நம் சொந்த உடலின் துணுக்கையும் ஒன்றுபோலவே அடையாளம் காண்கின்றன.

கண் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோயாளிகளில் நான்கில் ஒருவருக்காவது எப்போதாவது ஒரு கண் திடீரென்று சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போகும். 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்வார்கள். செய்யாதீர்கள். டப்ளினில் 2015-இல் செய்த ஆய்வில், இப்படிப்பட்ட கண் அழற்சியோடு வந்தவர்களில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டினருக்கு அதுவரை கண்டறியப்படாத இந்த மூட்டுவாதம் இருந்தது. ஆக, இந்த நோய் இருக்குமோ என்று முதலில் சந்தேகிக்க வேண்டியவர் சில சமயம் கண் மருத்துவர்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பாடநூல்கள் இதை ஆண்களின் நோய் என்றே எழுதின, பத்து ஆணுக்கு ஒரு பெண் என்று. இப்போது முற்றிய நிலையில் இரண்டு மூன்று ஆணுக்கு ஒரு பெண், ஆரம்ப நிலையில் ஏறக்குறைய சரிபாதி என்று தெரிகிறது. நம் ஊரில் பெண்ணின் இடுப்புவலிக்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்." அந்த ஒரு வாக்கியத்தின் அடியில் எத்தனை பெண்களின் நோய் புதைந்திருக்கிறதோ!

இப்போது எம்.ஆர்.ஐ. அதன் அருமையை நான் மறுக்கவில்லை. முதுகுத்தண்டின் அடியில், இடுப்பெலும்போடு அது சேரும் மூட்டில்தான் இந்த நோய் வழக்கமாகத் தொடங்கும். எக்ஸ்ரேயில் அந்த மூட்டு அரிக்கப்பட்டுத் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். எம்.ஆர்.ஐ. அதற்கு முன்பே எலும்பு மஜ்ஜையின் வீக்கத்தைக் காட்டிவிடும். சிக்கல் என்னவென்றால், ஓட்டப்பந்தயக்காரர்கள், ஐஸ் ஹாக்கி வீரர்கள், அண்மையில் பிள்ளை பெற்ற பெண்கள் இவர்களில் சிலருக்கும் அதே இடத்தில் அதே மாதிரி வீக்கம் தெரிகிறது. டிஸ்க் விஷயம் இதைவிட மோசம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம். எண்பது வயதில் 96 விழுக்காடு. படத்தை மட்டும் பார்த்தால் இந்த அரங்கில் நம் எல்லோருக்கும் நோய் உண்டு. அதிலும், வழக்கமான முதுகு ஸ்கேனில் பல நேரம் நான் சொன்ன அந்த அடிமூட்டு சரியாகப் படத்துக்குள் வருவதே இல்லை. பணம் கட்டி, வேறு இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

சிகிச்சைக்கு வருவோம். உடற்பயிற்சியும் அழற்சி தணிக்கும் வலிமாத்திரைகளும்தான் இன்றும் முதல் படி. மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது, சிறுநீரகமும் வயிறும் பாழாகும். புகைப்பவர்களுக்கு முதுகெலும்பு இறுகுவது வேகமாகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. இவை போதாதவர்களுக்குக் கதவு திறந்தது 2000-களின் தொடக்கத்தில். 1995-இல் பெர்லினில் பிரௌன் குழுவினர் நோயாளிகளின் அடிமூட்டுத் திசுவில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை 70 பேரிடம் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் நோயின் தீவிரம் பாதியாகக் குறைந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 53 விழுக்காடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலிமருந்து பெற்றவர்களில் 9 விழுக்காடு.

நம் நாட்டில் இந்த மருந்துக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியைக் கட்டி வைத்திருப்பதில் டி.என்.எஃப்.புக்குப் பெரிய பங்கு. அதைத் தடுத்தால் காசநோய் விழித்துக்கொள்ளும். 2001-லேயே இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் முன்கூட்டியே சோதனை கட்டாயம். காசநோயே முதுகெலும்பைத் தாக்குவதும் இங்கே அபூர்வமில்லை. முதுகுவலியோடு காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இருந்தால் முதலில் அதைத்தான் தேட வேண்டும். விலை இன்னொரு தடை. 2014 டிசம்பரில் இந்திய நிறுவனமான ஜைடஸ், டி.என்.எஃப்.பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான அடாலிமுமாபுக்கு உலகின் முதல் நிகர்மருந்தை, அதாவது மூலமருந்தைப் போலவே வேலை செய்யும் மாற்று மருந்தை, சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை இறங்கியது. இருந்தாலும் தினக்கூலிக்காரருக்கு எட்டும் விலை இல்லை.

கடைசியாக ஆய்வாளர்களின் மூக்கை உடைத்த ஒரு கதை. 2007-இல் மரபணு ஆய்வுகள் ஐ.எல்-23 என்ற புரதத்தின் பாதையை இந்த நோயோடு இணைத்தன. ஐ.எல்-23 தூண்டினால் ஐ.எல்-17 என்ற இன்னொரு புரதம் சுரக்கும் என்பது தெரிந்த சங்கதி. ஐ.எல்-17-ஐத் தடுத்தார்கள், முதுகுவலி குறைந்தது. அப்படியானால் அதற்கு மேலே இருக்கும் 23-ஐத் தடுத்தாலும் குறைய வேண்டுமல்லவா? சொரியாசிஸ் தோல் நோயில் அருமையாக வேலை செய்யும் அதே மருந்துகள், முதுகெலும்பில் பரிசோதித்தபோது தோற்றுப்போயின. 23-இன் உத்தரவு இல்லாமலே 17-ஐச் சுரக்கும் செல்கள் அங்கே இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்னும் முடிவாகவில்லை.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. கேள்விகளைக் கேட்கலாம். இரண்டாவது வரிசையில் அந்தத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறார், மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள்.