சமையல்காரிக்குத் துப்பாக்கித் தேர்வு

நடுவர் அவர்களே, வாள் சுழற்றிக் களைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, மயிலாப்பூர்ப் புழுக்கத்தில் அழைப்பிதழையே விசிறியாக்கி உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'போர் ஓய்ந்து அமைதி நிலைக்கப் பெரிதும் தேவை பெண்களின் பங்கேற்பா, ஆயுதம் ஏந்தியவர்களின் உடன்பாடா?' இதுதான் தலைப்பு; பெண்களின் பங்கேற்பே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் ஒரே கேள்வியில் எங்களை மடக்கப் பார்த்தார்: சுடுகிறவன் நிறுத்தினால்தானே போர் நிற்கும்? நிற்கும் ஐயா, யார் மறுத்தது? தலைப்பில் 'நிலைக்க' என்றொரு சொல் இருக்கிறதே, அதை மட்டும் தாண்டிக் குதித்துவிட்டீர்களே!

என் அணித் தோழி தாயுள்ளம், கருணை என்று உருகினார்; கைதட்டலும் வாங்கினார். எனக்கு அவரோடும் ஒரு வழக்கு உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது போனது கருணை பொங்கியா? மன்னன் தந்த அதிகாரத்தோடு போனார். இரு பக்கப் படைக்கலங்களும் எந்த நிலையில் கிடக்கின்றன என்று தெரிந்து போனார். நான் கேட்பது அந்த அதிகாரத்தையும் அந்த விவரத்தையும்தான்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனுக்கு வாருங்கள். 1991இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2002இல் முடிந்தது. ஆயுதம் களையும் முகாமின் வாசலில் ஆயுதத்தை ஒப்படைத்தால்தான் போராளி என்று பெயர் பதிவார்கள். பல இடங்களில் துப்பாக்கியைக் கழற்றி மாட்டிக் காட்டவும் சொன்னார்கள். பெயர் பதிந்தால்தான் உதவிப்பணம், தொழிற்பயிற்சி, ஊர் திரும்ப வழி எல்லாம். சரி, காட்டில் ஒரு படை எப்படி ஓடுகிறது? சோறு ஆக்குகிறவள், குண்டுப் பெட்டி சுமக்கிறவள், கடத்திக்கொண்டுபோய் 'மனைவி' ஆக்கப்பட்டவள், இவர்களால் ஓடுகிறது. இவர்கள் கையில் துப்பாக்கி ஏது? சுடத் தெரிந்த சிறுமிகளிடமிருந்தும் தளபதிகள் துப்பாக்கியைப் பிடுங்கித் தங்களுக்கு வேண்டியவர்களிடம் கொடுத்தார்கள். முடிவில் ஆயுதம் ஒப்படைத்தோர் 72,000க்கும் மேல். அவர்களில் வயதுவந்த பெண்கள் 5,000ஐக்கூட எட்டவில்லை. நம் வீட்டில் ரேஷன் அட்டை ஒருவர் பெயரில் இருக்க, வெயிலில் வரிசையில் நிற்பது வேறொருவர் அல்லவா? அந்தக் கதைதான். அங்கே விட்டுப்போனது அரிசியல்ல, பிழைப்பு.

இதுபோன்ற ஓட்டைகளைக் கண்டு கேள்வி கேட்டவர்கள் பெண்கள் அமைப்பினர். அவர்கள் விடாமல் நெருக்கியதால்தான் 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் 1325ஆம் தீர்மானம் வந்தது. அதன் 13ஆம் பத்தி, ஆயுதக் களைவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் ஆண், பெண் முன்னாள் போராளிகளின் வெவ்வேறு தேவைகளையும் அவர்களைச் சார்ந்தவர்களின் தேவைகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பக்கத்து நாடான லைபீரியாவில், படையோடு இருந்த பெண்கள் ஆயுதம் இல்லாமலும் பதியலாம் என்று விதியே எழுதினார்கள். பதிந்தோர் ஏறத்தாழ 1,03,000. பெண்கள் 22,000க்கும் மேல். போராளி அல்லாதவர்களும் உள்ளே நுழைந்தார்கள் என்பீர்கள். நுழைந்தார்கள், உண்மை. ஆனால் கதவைச் சற்று அகலத் திறந்ததால் வந்த செலவையும், கதவை மூடியதால் தெருவுக்குப் போனவர்களையும் எதிரெதிரே வைத்து எடைபோடுங்கள்.

லைபீரியா என்றதும் எதிரணியில் ஒருவர், 'அந்நாட்டு அதிபர் சார்லஸ் டெய்லர் பதவி விலகியது வெள்ளைச் சட்டை அணிந்து அமைதி கேட்டுப் போராடிய பெண்களாலா, அவர்மேல் வந்த போர்க்குற்ற வழக்காலும் கிளர்ச்சிப் படைகளின் முற்றுகையாலுமா?' என்றார். நல்ல கேள்வி. வழக்கும் முற்றுகையும் பெரிய காரணங்கள்தான். ஆனால் 2003 ஜூலையில், லைபீரியாவுக்கான சமாதானப் பேச்சு நடந்த கானா தலைநகர் அக்ராவில் என்ன நடந்தது? பேச்சு வாரக்கணக்கில் இழுத்தது. பேச வந்தவர்கள் ஓட்டலில் சுகமாக இருந்தார்கள், லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் குண்டு விழுந்தது. வெள்ளைச் சட்டைப் பெண்களின் தலைவி லேமா போவீயும் தோழியரும் கையோடு கை கோத்து மண்டப வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் ஆயுதக் களைவை அவசர அவசரமாகத் தொடங்கினார்கள். ஆயிரம் பேருக்கு ஏற்பாடு, வந்து குவிந்ததோ பல ஆயிரம். உடனே பணம் கேட்டுக் கலவரம்; உயிர்களும் போயின. திட்டத்தை நிறுத்தி, 2004 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்க முடிந்தது. கையெழுத்துப் போட்ட தளபதிகளின் உடன்பாடு அப்படியே இருந்ததே, அது ஏன் அந்த முகாமைக் காப்பாற்றவில்லை?

பேச்சு மேசையில் நாற்காலி எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதல் நீண்ட வட அயர்லாந்தில், 1996இல் சமாதானப் பேச்சில் யார் உட்காருவது என்பதற்கே ஒரு தேர்தல். அதிக வாக்கு பெற்ற முதல் 10 கட்சிகளுக்குத் தலா 2 கூடுதல் இடம் என்று ஒரு விதி. மகளிர் கூட்டணி என்ற கட்சி வாங்கியது 1 சதவீதத்தை ஒட்டிய வாக்கு. தொகுதியில் ஓர் இடம்கூட இல்லை. அந்த விதியால் 2 பேர் உள்ளே போனார்கள்: கத்தோலிக்கரான மோனிகா மக்வில்லியம்ஸ், புராட்டஸ்டன்டான பேர்ல் சாகர். 1998 ஏப்ரல் 10 உடன்படிக்கையில் பாதிக்கப்பட்டோருக்கான உதவி, இரு சமயப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, குடிமக்கள் மன்றம் ஆகியவை இடம்பெற இவர்கள் உழைத்தார்கள்.

கடல் தாண்டி நம் பக்கம் வருவோம். இலங்கைப் பேச்சுவார்த்தையில் அரசு 5 பெண்களையும் புலிகள் 5 பெண்களையும் நியமித்துப் பாலினத் துணைக்குழு அமைத்தார்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது. முடிவெடுக்கும் மேசை வேறு, இது வேறு. ஏப்ரலில் மேல்மேசை நின்றது. துணைக்குழுவும் அதோடு நின்றது. வட அயர்லாந்துத் தலைநகர் பெல்ஃபாஸ்டில் 2 பேருக்குக் கிடைத்தது இங்கே 10 பேருக்கும் கிடைக்கவில்லை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். எதிரணிக்கு ஒன்றே ஒன்று: முகாம் வாசலில் வெறுங்கையோடு நின்ற அந்தச் சமையல்காரியை உங்கள் உடன்படிக்கையின் எந்தப் பத்தியில் எழுதியிருந்தீர்கள்? அதைச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பேசச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.