படுக்கைக்கு ஏறும் படிக்குள் பேட்டரி

வணக்கம் நண்பர்களே. அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் பாலைவனத்தில் நிற்கிறேன். குளிர்காலம் வந்தால் இந்தச் சிற்றூரைச் சுற்றி ஆயிரக்கணக்கான வீட்டு வண்டிகள் வந்து இறங்கிவிடும். அமெரிக்கக் கூட்டரசுக்குச் சொந்தமான பொது நிலம் இது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தங்கலாம். வண்டி நிற்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை, மின் இணைப்பு இல்லை. வெயில் மட்டும் தாராளம்.

இதுதான் என் வீடு. பிக்அப் டிரக்கின் பின்தொட்டியில் தூக்கி வைத்த கேம்பர். படுக்கை, டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வந்தால் ஒருவர் நிற்கலாம். இரண்டாமவர் வந்தால் முதலாமவர் உட்கார வேண்டும். இந்த அளவுக்குள் ஒரு சோலார் அமைப்பை எங்கே வைப்பது? அதற்கு விடை கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கேமராவை வெளியே கொண்டுபோகிறேன், வாருங்கள். பக்கவாட்டில் இந்தச் சின்னக் கதவு தெரிகிறதா? கேம்பரோடு வந்த பேட்டரி அறை. காரீய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது வீட்டுக்குள் புகாதபடி உட்பக்கத்தை முழுக்க அடைத்து, வெளிப்பக்கம் காற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பழைய பேட்டரிகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு லித்தியம் பேட்டரிகளை வைத்தேன். பேட்டரி இருந்த இடம் பேட்டரிக்கான இடம்தானே என்று நினைத்தேன்.

போன ஜனவரியில் யூட்டா மாநிலத்தின் மோவாப் பக்கம் தங்கியிருந்தேன். இரவு முழுக்க உறைநிலைக்குக் கீழே குளிர். காலையில் மேகமே இல்லாத வானம், கூரையில் பளீரென்று வெயில். ஆனால் மானிட்டரில் சார்ஜ் 0 ஆம்பியர். ஒரு மணி நேரம் வயர் வயராகத் தடவிப் பார்த்தேன். எதிலும் பழுது இல்லை. பேட்டரிதான் வாங்க மறுத்துக்கொண்டிருந்தது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்தால், எதிர்மின்வாயின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பச் சரியாகாது. அதனால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜை நிறுத்திவிடுகிறது. காற்றோட்டத்துக்காகச் செய்த அந்த அறை, இந்த பேட்டரிக்குக் குளிர்பெட்டியாகிவிட்டது. அன்றே முடிவு செய்தேன்: பேட்டரி, நான் தூங்கும் சூட்டிலேயே இருக்க வேண்டும்.

சரி, உள்ளே எங்கே? இந்த முறை எதையும் கழற்றவில்லை. பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, பேட்டரி, அதன் மின்சாரத்தை வீட்டுச் சாதனங்களுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், பேனல் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் சார்ஜ் கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் அதே அளவில் பொம்மைப் பெட்டி செய்தேன். கேபிள் வளைய வேண்டிய இடத்தையும், இன்வெர்ட்டர் விசிறிக்கு வேண்டிய காற்று இடைவெளியையும் சேர்த்துத்தான் அளவு. அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்து ஒரு வாரம் அப்படியே வாழ்ந்தேன். மூன்றாம் நாள், சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்த அட்டை இன்வெர்ட்டர் என் முழங்கால் பட்டு நசுங்கிக் கிடந்தது. துணி அலமாரியில் வைத்ததைப் போர்வை மூடிவிட்டது. அங்கே உண்மையான இன்வெர்ட்டர் இருந்திருந்தால் மூச்சுத் திணறியிருக்கும். பின்கதவுப் பக்கம் ஒரு மூலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் அது பின் அச்சுக்குப் பின்னால் விழுகிறது. அங்கே எடை கூடினால் டிரக்கின் முன்பக்கம் இலேசாகிவிடும், ஸ்டீயரிங்கில் பிடிமானம் குறையும். எரிவாயு சிலிண்டர் அறையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. நீங்களும் எடுக்காதீர்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். பொறி பறக்கக்கூடிய எதுவும் அங்கே இருக்கவே கூடாது.

மிஞ்சியது இதுதான். படுக்கைக்கு ஏற நான் கால் வைக்கும் படி. மேல்பலகையைத் தூக்குகிறேன், பாருங்கள். உள்ளே 24 அங்குல அகலம், 16 அங்குல ஆழம், 14 அங்குல உயரம். இடப்பக்கம் இரண்டு பேட்டரிகள் ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2,560 வாட்மணி, எடை 25 கிலோ. இந்த இடம் தாழ்வாகவும் பின் அச்சுக்கு முன்னாலும் இருப்பதால் எடை சரியாக உட்கார்ந்துவிட்டது. திடீர் பிரேக்கில் நகராதபடி பட்டை போட்டு, தரையோடு போல்ட் முடுக்கியிருக்கிறேன்.

வலப்பக்கச் சுவரில் செங்குத்தாக இருப்பது இன்வெர்ட்டர். 1,000 வாட்தான். கடையில் 2,000 வாட் வாங்கச் சொன்னார்கள். நான் என் மிக்சியைப் பார்த்து முடிவெடுத்தேன். என்னிடம் இருப்பதிலேயே அதிகம் இழுப்பது அதுதான், 750 வாட். ஆனால் சட்னி அரைக்க இரண்டு நிமிடம். செலவு 25 வாட்மணி. குளிர்பெட்டியோ சத்தமில்லாமல் நாள் முழுக்க ஓடி 500 வாட்மணி குடிக்கிறது. ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறோம் என்பதற்கு ஏற்ப இன்வெர்ட்டர், ஒரு நாளில் எவ்வளவு செலவாகிறது என்பதற்கு ஏற்ப பேட்டரி. 2,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடினால் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குக் கட்டைவிரல் பருமனில் கேபிள் வேண்டும். அது வளைவதற்கே இந்தப் பெட்டி போதாது.

நடுவில் இருக்கும் இந்தச் சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் ஃபியூஸ். இடம் இல்லை என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். லித்தியம் பேட்டரியில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் அந்த இடைவெளியில் மின்பொறி தொடரலாம். நான் போட்டிருப்பது கிளாஸ் டி (Class T) வகை. 20,000 ஆம்பியரையும் துண்டிக்கக்கூடியது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

கூரையில் தலா 200 வாட் பேனல் இரண்டு. காற்றுவிசிறிக்கான 14 அங்குலத் திறப்பின் நிழல் விழாதபடி தள்ளி வைத்திருக்கிறேன். இரண்டையும் தொடராக இணைத்ததால் 40 வோல்ட், 10 ஆம்பியர்; மெல்லிய வயரே போதும். கன்ட்ரோலரைத் தாண்டிய பிறகு அது 30 ஆம்பியர் ஆகிவிடும். ஆகவே நீளமான வயர் பேனல் பக்கம் இருக்கட்டும் என்று, கன்ட்ரோலரைப் படியின் வெளிச்சுவரிலேயே மாட்டினேன்.

கூரையில் புதிய துளை ஒன்றுகூடப் போடவில்லை. முன்பு எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டி இருந்தது. அதன் சூடும் புகையும் போகக் கூரை வரை ஒரு காற்றுக்குழல் உண்டு. இப்போது கம்ப்ரெசர் குளிர்பெட்டிக்கு மாறிவிட்டதால் அந்த வழி சும்மா கிடந்தது; வயர் அதற்குள் இறங்கிவிட்டது. உங்கள் குளிர்பெட்டி இன்னும் எரிவாயுவில் ஓடுகிறது என்றால், வயரைப் புகைபோக்கியின் சூடு படாத ஓரமாகக் கட்டிவிடுங்கள்.

டிசம்பர் கடைசியில் இங்கே நண்பகல் சூரியனே 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மட்டமாகப் படுத்திருக்கும் பேனலுக்குச் சாய்ந்த வெயில்தான் கிடைக்கிறது. அப்போது ஒரு நாளைக்கு 900 வாட்மணி வந்தால் எனக்கு மகிழ்ச்சி. குளிர்பெட்டி, விளக்கு, தண்ணீர் பம்ப், இந்தக் கேமரா எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன.

போன வாரம் ஃபிளாக்ஸ்டாஃப் மலைக்குப் போய் இரண்டு இரவு தங்கிச் சோதித்தேன். விடியற்காலையில் வெளியே மைனஸ் 9 டிகிரி. படிக்குள் வைத்திருந்த வெப்பமானியில் 12 டிகிரி. ஒன்பது மணிக்கு வெயில் கூரையைத் தொட்டது; மானிட்டரில் 6 ஆம்பியர், பிறகு 9, பிறகு 14. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் படிக்குள் முன்பு என் செருப்பும் சேறு படிந்த மலையேற்றக் காலணியும் இருந்தன. அவை இப்போது வெளியே, அந்தப் பழைய பேட்டரி அறையில் இருக்கின்றன. காற்றோட்டமான இடம் என்பதால் ஒரே இரவில் காய்ந்துவிடுகின்றன.