கோல்ஃப் மட்டையோடு போருக்குப் போன பிள்ளை

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

டிசம்பர் 16 வந்தால் 1971-ல் டாக்காவில் நடந்த சரணடைவைப் பற்றிப் பேசுவோம். அதே நாளில் மேற்கு எல்லையில், பசந்தர் ஆற்றைக் கடந்து போய், டாங்கிக்குள்ளேயே உயிரை விட்ட ஒருவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செகண்ட் லெப்டினன்ட் அருண் கேதர்பால். பரம் வீர் சக்கரம் பெற்றவரை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் 21 வயது. என் பேரனுக்கு அண்ணன் மாதிரி. 'அவன்' என்றுதான் வாயில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இமாச்சலத்தில் சனாவர் பள்ளியில் படித்த பிள்ளை. நல்ல நீச்சல்காரன், சாக்சஃபோனும் வாசிப்பான். 1971 ஜூனில் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் சேர்ந்தான். அகமத்நகரில் பயிற்சியில் இருந்தவனைப் போர் வருகிறது என்று திருப்பி அழைத்தார்கள். போகிற வழியில் நம் டெல்லி. ரயிலில் ஏற்றிவந்த மோட்டார் சைக்கிளை ஸ்டேஷனில் இறக்கி, நேரே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அம்மா அப்பாவோடு இருக்கக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான், அதில் ஒரு நிமிஷத்தைக்கூட விட மனசில்லை. கிளம்பும்போது பார்த்தால் மூட்டை முடிச்சோடு கோல்ஃப் மட்டைகள், விருந்துக்கு உடுத்தும் நீலச் சீருடை. லாகூரில் கோல்ஃப் ஆடுவேன், ஜெயித்த பிறகு விருந்து இருக்குமே, அதற்கு இது என்றானாம்.

என் பேரன் தல்கட்டோரா குளத்துக்கு நீந்தப் போகிறவன். ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி, குளோரின் வாசனையோடு வந்து, "தாத்தா, பசிக்குது" என்பான். அருணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரத் துண்டுதான் கண்முன் வருகிறது.

சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜர்பால் கிராமத்தருகே எதிரி டாங்கிகள் திரண்டு வந்தன. உதவி கேட்ட அணிக்கு இவன் ஓடிப் போனான். கடைசிக் கட்டத்தில் பத்து டாங்கிகள் அழிந்தன, நான்கு இவன் கணக்கு. இவனுடைய டாங்கியும் தீப்பிடித்தது. வெளியே வா என்று ரேடியோவில் உத்தரவு வந்தது. "முடியாது சார், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது" என்றான். அப்புறம் விழுந்த குண்டில் போய்விட்டான். வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம்.

அவன் அப்பாவும் ராணுவத்தில் பிரிகேடியராக இருந்தவர். 2001-ல், 81 வயதில், தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். அங்கே அவரைத் தன் வீட்டில் வைத்துத் தாங்கித் தாங்கிக் கவனித்தவர் பாகிஸ்தான் ராணுவத்துப் பிரிகேடியர் காஜா முகமது நாசர். ஊர் திரும்பும் முன் அந்த மனிதர் மனம் விட்டுச் சொன்னார்: உங்கள் மகனைச் சுட்டது நான்தான் என்று. முப்பது வருஷம் அதைச் சுமந்திருக்கிறார். பெற்றவர் அந்த வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டாரே, அந்த இரவை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நம் ஊரில் நடுகல் உண்டே. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல். செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்தார்கள். சாகும்போது அவனோடு எது நின்றதோ, அதற்கும் கல்லில் இடம் கொடுத்தார்கள். இங்கே இந்தியா கேட் பக்கத்துத் தேசியப் போர் நினைவிடத்தில் பரம் வீர் சக்கரம் பெற்ற 21 பேருக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. அருணுக்கும் உண்டு. மார்பளவுச் சிலைதான், நீந்திய கைகள் அதில் இல்லை. அந்தக் கோல்ஃப் மட்டைகளையும் பக்கத்தில் வார்த்து வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனை அங்கே கூட்டிப் போய் இதையெல்லாம் சொன்னேன். டாங்கியைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. சிலையின் தோளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவர் எந்த ஸ்ட்ரோக் நீந்துவார் தாத்தா?" என்றான்.